விமான விபத்து அறிக்கையை வாசிப்பது எப்படி?

விமான விபத்து விசாரணை அறிக்கை ஒன்று கையில் கிடைத்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் 'காரணம்' என்ற தலைப்பைத் தேடுவதுதான். அங்கே உள்ள இரண்டு மூன்று வரிகளைப் படித்துவிட்டு, விமானியின் தவறாம் என்று சொல்லி மூடிவிடுகிறோம். ஆனால் விபத்து முழுவதும் அந்த வரிகளுக்கு முன்னால் உள்ள நூறு, இருநூறு பக்கங்களில் இருக்கிறது. அவற்றை வாசிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியறையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் எட்டுப் பேர் கூடி இந்த அறிக்கைகளை வாசிக்கிறோம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர், காசிமேட்டு விசைப்படகுகளில் இஞ்சின் பழுதுபார்ப்பவர், ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இரண்டு தம்பிகள், கீழே பட்டறை நடத்தும் அண்ணன் என எல்லோருமே இரும்போடு பழகியவர்கள். அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒருவர் உரக்கப் படித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்த ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில் நான் வேலைபார்த்த ஒரு பட்டறையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து, உதவியாளர் ஒருவரின் கால் எலும்பு முறிந்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரே வரி ஒட்டப்பட்டது. அந்தச் சங்கிலியைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு விமான விபத்து அறிக்கையை முதன்முறையாகப் படித்தபோது, அங்கே கேட்கப்படாத அதே கேள்வியை யாரோ பக்கம் பக்கமாகக் கேட்டிருந்ததைக் கண்டேன்.

எதை வாசிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையாக 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைக்கு 13ஆம் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதுதான் என்றும், பழியையோ பொறுப்பையோ எவர்மீதும் சுமத்துவது அதன் வேலையன்று என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. நீதிமன்றத் தீர்ப்பைப் படிப்பதுபோல் அறிக்கையைப் படித்தால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும் என்பதால், எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அடுத்து, கையில் இருப்பது முதற்கட்ட அறிக்கையா இறுதி அறிக்கையா என்று பாருங்கள். முதற்கட்ட அறிக்கை விபத்து நடந்த 30 நாட்களுக்குள் வர வேண்டியது. அதுவரை கிடைத்த தகவல்களைச் சொல்வதோடு அது நின்றுவிடும். காரணத்தை முடிவு செய்யாது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் நடந்த விபத்துக்கு ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வெளியானது. விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் இரண்டு இஞ்சின்களுக்குமான எரிபொருள் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்கு மாறின என்பதையும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதையும் அது பதிவு செய்தது. அவை ஏன் மாறின என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே எங்கள் தெருத் தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதி முடிக்கப்பட்டிருந்தது. இறந்துபோய்ப் பதில் சொல்ல முடியாத இருவரின் குடும்பங்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வாசிப்பவருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

'சாத்தியமான காரணம்' என்ற சொல்லிலும் ஒரு கணம் நிற்க வேண்டும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1967-இல் அமைக்கப்பட்டதிலிருந்து இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறது. கிடைத்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்பது அதன் பொருள். இந்தியாவில் 2012-இல் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பெரிய விபத்துகளை விசாரணை நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. இவற்றின் அறிக்கைகள் பலவும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வாசிக்கும் வரிசை

உலகின் எந்த மூலையில் எழுதப்பட்ட அறிக்கையானாலும் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். முதல் பகுதி உண்மைத் தகவல்கள், இரண்டாவது ஆய்வு, மூன்றாவது முடிவுகள், நான்காவது பரிந்துரைகள். முதல் பகுதியின் உட்பிரிவு எண்களும் மாறுவதில்லை. 1.1 என்றால் பயணம் எப்படி நடந்தது என்ற வரலாறு, 1.6 விமானம், 1.7 வானிலை, 1.10 விமான நிலையம், 1.11 கருப்புப் பெட்டிகள், 1.12 சிதைவுகள், 1.17 நிறுவனமும் நிர்வாகமும். இந்த எண்கள் மனத்தில் பதிந்துவிட்டால் 300 பக்க அறிக்கையும் பழகிய தெருவாகிவிடும்.

முதலில் 1.1-ஐ முழுதாகப் படித்து, நோட்டின் இடப்பக்கத்தில் நேரத்தையும் வலப்பக்கத்தில் அந்த நேரத்தில் விமானிக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுதுவது எளிது. யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பிரித்து எழுதுவதுதான் கடினம், அதில்தான் பயனும் இருக்கிறது. நேரங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் தரப்பட்டிருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 2010 மங்களூர் விபத்து பொது நேரப்படி நள்ளிரவு தாண்டிய அரை மணியில் நடந்தது. நமக்கு அது காலை ஆறு மணி கடந்த வேளை. அந்த விமானிகள் இரவெல்லாம் வேலையில் இருந்தவர்கள் என்பதை நேரத்தை மாற்றிப் பார்க்கும்போதே உணர்ந்துவிடலாம். வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலும் தூரம் கடல் மைலிலும் வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். காசிமேட்டுக்காரர் இருப்பதால் எங்கள் கூட்டத்தில் இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எண்கள் வரும் இடங்களைக் கண்ணால் கடந்து போகாதீர்கள்; நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு நான் தரும் முதல் பயிற்சி, 1983 ஜூலை 23 அன்று கனடாவில் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோன போயிங் 767-இன் கணக்கு. எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால் அளவுக்கோல் விட்டுப் பார்த்தார்கள். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். 13,597 வந்தது. மீதி 8,703-ஐ 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் பவுண்டு எடை. கிலோவுக்கு உரிய எண் சுமார் 0.803. அதன்படி தொட்டியில் ஏற்கெனவே இருந்தது ஏறத்தாழ 6,170 கிலோ; ஊற்ற வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல். விமானம் புறப்பட்டபோது அதில் தேவையான எரிபொருளில் பாதிகூட இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்த தம்பிகளில் ஒருவர், இதை எழுதியவருக்குக் கணக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது என்றார். அப்படியானால் அந்த 1.77 எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அந்த விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டுக் கணக்கில் இயங்கின. கிலோ கணக்குக்கு மாறிய முதல் விமான வகை இதுவே. பழைய விமானங்களில் இந்தக் கணக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. விமானப் பொறியாளர் என்று தனியாக ஒருவர் விமானி அறையில் இருந்தார். புதியதில் அந்த இருக்கையை நீக்கிவிட்டார்கள். அவர் பார்த்த வேலை யாருக்குப் போனது என்பதைத் தெளிவாக எழுதிவைக்கவில்லை. நல்லவேளையாக, இஞ்சின்கள் நின்ற விமானத்தை கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் கேப்டன் சறுக்கியே இறக்கினார், ஒருவரும் இறக்கவில்லை.

'விமானியின் தவறு' என்ற சொல்லில் நிற்காதீர்கள்

மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேர் இறந்தார்கள்; எட்டுப் பேர் பிழைத்தார்கள். வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்த நிலையற்ற இறக்கத்தைக் கைவிட்டு மேலே போயிருக்க வேண்டிய கேப்டன் போகவில்லை என்பதும், துணை விமானி மூன்று முறை சொல்லியும், எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் அவர் இறங்குவதில் உறுதியாக இருந்தார் என்பதும் அறிக்கை சொல்லும் நேரடிக் காரணம். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் சக்கரம் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. ஓடுபாதையோ மேசைபோன்ற மலையுச்சியில் இருந்தது.

இங்கே மூடிவிடாமல் பின்னோக்கிப் போங்கள். விமானம் ஏன் அவ்வளவு உயரத்தில் வந்தது? மங்களூர் ரேடார் பழுதாகியிருந்ததால் வழக்கத்தைவிட ஓடுபாதைக்கு நெருங்கிய பிறகுதான் இறங்க அனுமதி கிடைத்தது. கேப்டன் ஏன் அதைக் கவனித்துச் சரிசெய்யவில்லை? பயணத்தின் பெரும்பகுதியில் அவர் உறங்கியிருந்தார். ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தம் இருக்கிறது. உறக்கத்திலிருந்து விழித்தவரின் மனம் உடனே முழுத் தெளிவுக்கு வருவதில்லை. துணை விமானி ஏன் தானே கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை? எடுக்கலாமா கூடாதா என்பதில் அவருக்குத் தரப்பட்டிருந்த விதிமுறைகளிலேயே தெளிவில்லாமல் இருந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. அந்தத் துணை விமானியின் நிலையை நம் ஊரில் பட்டறையில் வேலைபார்த்த எவரும் புரிந்துகொள்வார்கள். மேஸ்திரி செய்வது தவறு என்று தெரிந்தும் அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதேபோன்ற மேசை ஓடுபாதையில் மழையிரவில் நடந்த விபத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கண்ணாடித் துடைப்பான் சரியாக வேலை செய்யாததும், வால்காற்றோடு, அதாவது பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு இறங்கியதும் 1.1-இல் வரும். ஏன் வேறு ஊருக்குத் திருப்பவில்லை என்ற கேள்விக்கான பதிலோ நிர்வாகப் பகுதியில் இருக்கிறது. மறுநாள் காலைப் பயணத்துக்கு அந்த கேப்டன் தேவைப்பட்டார். கோழிக்கோட்டில் போதிய கேப்டன்கள் இல்லாததற்குப் பணியாளர் கொள்கையே காரணம் என்கிறது அறிக்கை. 21 பேர் இறந்த விபத்தின் ஒரு நுனி பணிப்பட்டியல் தயாரித்த மேசையில் இருந்தது. அதனால்தான் 1.17 என்ற உட்பிரிவை அவசரமாகப் புரட்டாதீர்கள் என்று நான் விடாமல் சொல்கிறேன்.

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் விமானம் ஒன்றின் முன் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. கேப்டனின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். அதற்கு ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு முன், இரவுப் பணியில் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. பொருத்திய 90 போல்ட்களில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம், அதாவது 0.66 மில்லிமீட்டர் குறைவு.

இதை வாசித்த அன்று பட்டறை அண்ணன் கீழே போய், ஏறத்தாழ அதே அளவு வேறுபாடு உள்ள இரண்டு போல்ட்களைக் கடைந்துகொண்டு வந்தார். விளக்கை அணைத்துவிட்டு, தெரு விளக்கின் வெளிச்சத்தில் அவற்றை நீட்டி, "எது பெருசுன்னு கண்ணால பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார். நாற்பது ஆண்டுகள் ரயில்பெட்டி செய்தவர் தவறாகச் சொன்னார். நானும்தான். அந்த இரவு மேலாளரும் கழற்றிய பழைய போல்டை இப்படித்தான், மங்கிய வெளிச்சத்தில், பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டு எடுத்தார். பட்டியல் எண்ணைப் பார்க்கவில்லை. அவர் கழற்றிய பழைய போல்ட்களும் அந்த இடத்துக்கு உரியவையல்ல, நீளம் குறைந்தவை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருந்தன. வேலை முடிந்த பிறகு இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தக் கண்ணாடிக்கு இருக்கவில்லை. 0.66 மில்லிமீட்டர் என்ற எண்ணை விரல்களுக்கிடையே உணர்ந்த பிறகு அந்த அறிக்கையை நாங்கள் வேறு விதமாகப் படித்தோம். உங்களுக்கு லேத் கிடைக்காவிட்டால் பாரிமுனைப் பக்கம் போல்ட் கடையொன்றில் அடுத்தடுத்த இரண்டு அளவுகளை வாங்கிவந்தாலும் போதும்.

உலோகத்தின் களைப்பைப் புரிந்துகொள்ள 1954-இல் எல்பா தீவருகே நடுவானில் உடைந்த காமெட் ஜெட்டின் விசாரணை இன்றும் சிறந்த பாடம். அதே வகையைச் சேர்ந்த வேறொரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, உடற்பகுதியில் வெட்டிய திறப்பின் மூலையில் விரிசல் விடும்வரை காத்திருந்தார்கள்.

உரையாடலை வாசிக்கும் முறை

விமானி அறை ஒலிப்பதிவின் எழுத்துவடிவம் வரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படிக்கும் வரிக்குக் கீழே உள்ள அனைத்தையும் மூடிவிடுங்கள். ஒவ்வொரு வரியாகத் தாளை இறக்குங்கள். முடிவு தெரிந்த நமக்கு எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். அவர்களுக்கு அடுத்த வரி தெரியாது.

583 பேர் இறந்த, ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த 1977 மார்ச் 27 விபத்தை இப்படித்தான் படிக்க வேண்டும். மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. கேஎல்எம் துணை விமானி, 'டேக்-ஆஃப்' (மேலெழும்புதல்) என்ற சொல்லால், மேலெழும்பப் போகிறோம் என்ற பொருளில் சொல்கிறார். கட்டுப்பாட்டு அறை சரி என்கிறது. இங்கே தாளை நிறுத்தி, கேட்டவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று எழுதுங்கள். அடுத்து, காத்திருங்கள், அழைக்கிறேன் என்கிறது கட்டுப்பாட்டு அறை. அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்கிறார். இரண்டு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதியதால் கேஎல்எம் அறையில் கேட்டது கீச்சென்ற ஒலி மட்டுமே. அதன்பின் கேஎல்எம் பொறியாளர், அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்கிறார் கேப்டன். அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர் அவர். பொறியாளர் மேலே பேசவில்லை. தாளை மெல்ல இறக்கி இந்த இடத்துக்கு வரும்போது எங்கள் அறையில் எப்போதும் ஓர் அமைதி விழும்.

நம் ஊரோடு தொடர்புள்ள பழைய விபத்துகள்

சென்னை வாசகர்கள் இரண்டையாவது தேடிப் படிக்க வேண்டும். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட போயிங் 737 டெல்லி பாலம் அருகே, புழுதிப்புயலில், ஓடுபாதை கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கி மின்கம்பிகளில் மோதியது. இறந்த 48 பேரில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கேரவல் விமானத்தின் இஞ்சினில், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் வட்டு களைப்பு விரிசலால் உடைந்து தீப்பிடித்தது. நடிகை ராணி சந்திரா உட்பட 95 பேரும் இறந்தார்கள். இவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்புகளில் தொடங்கலாம். விபத்துக்கு மறுநாள் வந்த செய்தியில் சொல்லப்பட்ட காரணத்தைத் தனியே எழுதிவைத்துக்கொண்டு, விசாரணையின் முடிவோடு பின்னர் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

கடைசிப் பகுதிக்கு இப்போது வாருங்கள்

முடிவுகளைப் படிக்குமுன், உங்கள் நோட்டில் உங்களுக்குத் தோன்றிய காரணங்களை எழுதிவிடுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே அவசரப்பட்டீர்கள் என்று தெரியும். அதன்பின் பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது நடைமுறைக்கு வந்ததா என்று தேடுங்கள். டெனரீஃபுக்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதி தரும்போதும், அதை ரத்துசெய்யும்போதும், அவற்றைத் திருப்பிச் சொல்லும்போதும் தவிர வேறெங்கும் வானொலியில் பயன்படுத்தக் கூடாது என்றாயிற்று. 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமாயிற்று. டெல்லிக்கு வரும் விமானங்களும் போகும் விமானங்களும் ஒரே வழியில் எதிரெதிரே பறந்த நிலையும் மாறியது.

எங்கள் நோட்டில் பரிந்துரைக்கு எதிரே மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறோம்: பரிந்துரையின் எண், யாருக்குச் சொல்லப்பட்டது, எப்போது செய்யப்பட்டது. மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அதை வெறுமையாகவே விட்டு, தேடிய தேதியை மட்டும் பென்சிலால் குறித்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் தேடுகிறோம்.